சில்லறை

நவம்பர் கடைசி.
பள்ளிக்கூடத்துக் கொதிகலன் பழுதாகி
சமையலறையில் எனக்கு வேலையில்லை.
காகித ஆலை மூடியதிலிருந்து
லூசியனுக்கு எல்லா நாளும் அப்படித்தான்.
கடலுக்குப் போவோமா என்றேன்.
இந்தக் குளிரிலா என்றவன்
அதற்குள் ஒரு பூட்ஸை மாட்டியிருந்தான்.

இரண்டு மணி நேரம் மெய்ன் மாநிலத்துப் பைன் மரங்கள்.
பிறகு, பலகை அறைந்த லாப்ஸ்டர் கடைகள்.
ஒன்றின் கூரைமேல் பெரிய பிளாஸ்டிக் லாப்ஸ்டர்,
கொடுக்கு ஒன்றைக் காணோம்.

பூங்கா வாசலில் ஆளில்லை.
சாவடிக்குள் கவிழ்த்துவைத்த நாற்காலி.
வெளியே ஓர் இரும்புக் குழாய்,
உச்சியில் தபால்பெட்டிபோல ஒரு வாய்.
ஆளுக்கு மூன்று டாலர்,
உறையிலிட்டு உள்ளே போடவும்.

எங்களிடம் இருந்தது ஒற்றை இருபது டாலர் நோட்டு.
அதுவும் திரும்பும் வழியில் பெட்ரோலுக்கு.

யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.
அவன் குழாயைப் பார்த்தான்.
ஒரு குழாயைக்கூட ஏமாற்றத் தெரியாத மனிதனை
இருபத்தாறு வருடம் முன்னால்
நானாகத்தான் தேடிக் கட்டிக்கொண்டேன்.

சில்லறைச் சண்டைதான்.
இருநூறு வண்டிகளுக்குக் கோடு போட்ட வெளியில்
எங்கள் வண்டி மட்டும்
கோட்டுக்குள் ஒழுங்காக நிற்க,
ஆலை, வீட்டு அடமானம்,
அவன் தம்பி திருப்பித் தராத பணம்
எல்லாவற்றையும் அந்த ஆறு டாலருக்குள்
இழுத்துப் போட்டோம்.

பிறகு பேசாமல் நடந்தோம், நாலடி இடைவெளியில்.
கழிப்பறைக்குப் பூட்டு.
குடிநீர்க் குழாய்க்குத் தலையில் சாக்கு.
உயிர்காப்பாளரின் உயரமான நாற்காலி
மல்லாந்து கிடந்தது மணலில்.
மேசைகளை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்திருந்தார்கள்,
கடல் கூப்பிட்டால் எழுந்து போய்விடும் என்பதுபோல.

கடலோ கூப்பிடும் தூரத்தில் இல்லை.
வற்றிப் பின்வாங்கி,
பாறைகளின் பழுப்புத் தலைமுடியை
வெளியே விட்டுவிட்டுப் போயிருந்தது.
சாண்ட்விச்சைக் கடித்தேன்.
பாதி மணல்.

மறுகோடியிலிருந்து ஓர் ஆள்
கடற்கரைக்கு இஸ்திரி போடுவதுபோல
நீண்ட கம்பியால் தடவிக்கொண்டே வந்தார்.
அருகில் வந்ததும் ஒரு காதை மட்டும்
ஹெட்ஃபோனிலிருந்து விடுவித்து
ஹார்லன் என்றார்.
மோதிரம் கீதிரம் தொலைத்துவிட்டீர்களா?

இல்லை, என்றான் லூசியன்.
இருபது டாலருக்குச் சில்லறை இருக்குமா?

நான் வேறெங்கோ பார்த்தேன்.
ஹார்லன் சிரிக்கவில்லை.
இடுப்பில் கட்டியிருந்த ஆணிப்பையை அவிழ்த்து
அலை ஒதுக்கிய மரத்தண்டின்மேல் கொட்டினார்.
கால் டாலர்கள்.
பச்சை படர்ந்த செப்புக் காசுகள்.
ஒரு கொண்டை ஊசி, பொம்மைக் காரின் அச்சு.
ஐஸ்கிரீம் வரிசையில், துண்டை உதறுகையில்,
ஈர நிக்கரின் ஓட்டைப் பையிலிருந்து
யார் யாரோ தவறவிட்ட ஜூலை.

மூவரும் மண்டியிட்டு எண்ணினோம்.
விரல் மரத்துக் கணக்குத் தவறி
மறுபடி ஒன்றிலிருந்து.
பதினொன்று நாற்பதுதான் தேறியது.

ஆறை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.
சும்மா வாங்கமாட்டேன் என்றான் இவன்.
நான் ஃப்ளாஸ்கைத் திறந்தேன்,
மிச்ச சாண்ட்விச்சை நீட்டினேன்.
மணலோடா?
மணலோடுதான்.
பழக்கம்தான், என்று வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.
காசு நிறைந்த உறை குழாயின் வாய்க்குள் நுழையவில்லை.
ஒவ்வொன்றாகப் போட்டான் லூசியன்,
நான் சத்தமாக எண்ணினேன்.
பதினேழாவது எங்கோ தயங்கிப் பிறகு விழுந்தது.
இருபத்துநான்கு.
வெற்று உறையில் வண்டி எண்ணையும்
காலையில் வந்த நேரத்தையும்
பிழையில்லாமல் எழுதி மடித்துச் செருகினான்.

அறுபதாவது மைலில் விரல்கள் உயிர்பெற்றபோது
கையுறைக்குள் ஏதோ உறுத்தியது.
விளிம்பு சிவந்த ஒரு கால் டாலர்.
உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

ஏதோ ஒரு பழைய மெட்டை
ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டிருந்தான்.
சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவான்.